செல்லோ ஆசிரியரிடம் சேரும் முன் அவருடைய மாணவரின் வாசிப்பைக் கேளுங்கள்

பியானோவுக்கோ கித்தாருக்கோ ஆசிரியர் தேடுகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நாலு பேரை விசாரித்தால் ஆறு பெயர் கிடைக்கும். ஒருவர் சரிப்படவில்லை என்றால் அடுத்தவரிடம் போகலாம். உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில்லால் வாசிக்கும், வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோவுக்கு அந்தச் சலுகை கிடையாது. சொல்லித்தருகிறவர்கள் குறைவு, அவர்களிலும் குழந்தைகளுக்கு நன்றாகச் சொல்லித்தருகிறவர்கள் இன்னும் குறைவு. தட்டுப்பாடு இருக்கும் இடத்தில் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதானே? யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம், எந்த நிபந்தனையையும் நம் தலையில் கட்டலாம். எங்கள் குடும்பத்தில் செல்லோவைத் தொட்டவர் யாரும் இல்லை. கேட்க ஆளில்லாமல் என் மகளுக்காகவும், பிறகு எனக்காகவும் நான் தேடி அலைந்ததை இங்கே எழுதுகிறேன். இதில் எனக்குப் போன பணத்தைவிட, அவளுக்குப் போன மாதங்கள்தான் இன்றும் உறுத்துகின்றன.

மகளுக்கு அப்போது எட்டு வயது. ஒரு கச்சேரியில் கேட்ட அந்த அடிக்குரல் நாதம் பிடித்துப்போய், எனக்கு அதுதான் வேண்டும் என்று நின்றாள். முதலில் அகப்பட்டவர் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று வில் கொண்டு வாசிக்கும் எல்லா வாத்தியங்களையும் கற்றுத்தருவதாக அறிவித்திருந்தார். சுவரில் சட்டம் போட்ட பட்டயங்கள் தொங்கின. பேச்சு இனிமையானது. ஒரு பருவத்துக்கான கட்டணத்தை முன்னதாகவே கட்ட வேண்டும் என்றார், கட்டினேன். வாத்தியமும் அவரே ஏற்பாடு செய்து தருவார் என்றதும் ஒரு வேலை குறைந்தது என்று நிம்மதிதான் அடைந்தேன்.

வந்தது முக்கால் அளவு செல்லோ. வளர்கிற பிள்ளைக்கு இரண்டு அளவு பெரிய செருப்பு வாங்குவது போல, "இன்னும் சில வருடம் தாங்கும், திரும்பத் திரும்பச் செலவு செய்ய வேண்டாம்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் செல்லோவில் இந்தக் கணக்கு செல்லாது. அளவுகளின் பெயரே நம்மைக் குழப்பும். அரை அளவு என்றால் பாதி நீளம் என்று பொருளில்லை. முழு அளவுச் செல்லோவின் உடல் மட்டும் ஏறத்தாழ 75 செ.மீ. நீளம் என்றால், அரை அளவினுடையது ஏறத்தாழ 65 செ.மீ. பார்வைக்குச் சின்ன வித்தியாசம். ஆனால் இடது கையின் விரல்களுக்கிடையே விழும் இடைவெளி மொத்தமாக மாறிவிடும். எட்டு வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் அரை அளவில் இருப்பார்கள், ஒல்லியான சின்னக் கை என்றால் கால் அளவில்கூட. முக்கால் அளவு வழக்கமாகப் பதினோரு வயதையொட்டி வருவது. வயதும் ஒரு தோராயம்தான். குழந்தையை நாற்காலியில் உட்காரவைத்து வாத்தியத்தை மார்பில் சாய்த்துப் பார்க்க வேண்டும். பாதங்கள் தரையில் பதிந்திருக்க வேண்டும். மிகத் தடித்த தந்தியை முறுக்கும் பிருடை இடது காதின் பக்கம் வர வேண்டும். முழங்கால்கள் வாத்தியத்தின் பக்கங்களை இறுக்காமல் தொட வேண்டும். இடது கையின் ஆட்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே கை விறைக்காமல் விரிய வேண்டும். கடைசியாகச் சொன்னது தேறாவிட்டால் மற்றதெல்லாம் தேறியும் பயனில்லை.

வளரும் வயதில் வாடகைக்கு எடுப்பதுதான் உத்தமம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வயலின் குடும்ப வாத்தியங்களைச் செய்கிறவர்களும் பழுதுபார்க்கிறவர்களும் பல இடங்களில் வாடகைக்குக் கொடுக்கிறார்கள், வளர வளர அடுத்த அளவுக்கு மாற்றித் தருகிறார்கள். வாங்கியே தீர வேண்டும் என்றால், விற்பவரும் கற்பிப்பவரும் ஒரே ஆளாக இருக்கும்போது மூன்றாவது ஒருவரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். அந்த முக்கால் செல்லோவை விற்றபோது கொடுத்ததில் பாதிகூடத் திரும்பவில்லை.

வகுப்பு தொடங்கிச் சில வாரங்களில் மகள் கையை உதறிக்கொண்டே வருவாள். கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதை வலிக்கிறது என்றாள். ஆசிரியரிடம் சொன்னால், "ஆரம்பத்தில் எல்லோருக்கும் வலிக்கும், பழகிவிடும்" என்பார். இதில் ஒரு பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. தந்தி அழுத்தி விரல் நுனி எரிவது சகஜம். சில வாரங்களில் தோல் தடித்துச் சரியாகிவிடும். கட்டை விரலின் அடியில், மணிக்கட்டில், தோளில் வலித்தால் அது பழக வேண்டிய வலி அல்ல, பிடி தவறு என்று உடம்பு சொல்லும் சேதி. யாராவது அன்றே இதை எனக்குச் சொல்லியிருந்தால் அரை வருடம் மிச்சமாகியிருக்கும்.

பிடியில் என்னதான் தவறு? அதைக் கண்டுபிடித்தவர் ஒரு பழுதுபார்ப்பவர். தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரை சற்றுச் சாய்ந்திருக்கிறதே என்று செல்லோவை அவரிடம் கொண்டுபோனோம். அதை நிமிர்த்திவிட்டு, தந்திகள் விரற்பலகையிலிருந்து தேவைக்கு மேல் உயரத்தில் இருக்கின்றன, பெரியவர்களுக்கே அழுத்தக் கஷ்டம் என்றார். பிறகு மகளை ஏதாவது வாசிக்கச் சொன்னார். நாலு தந்திகளில் ஒன்றான டி தந்தியில் அவள் ஏறுவரிசையாக நாலு ஸ்வரம் வாசித்தாள். அவர் அவளுடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உன் ஆசிரியர் வயலின்காரரா?" என்று கேட்டார்.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் செல்லோ தெரியாத பெற்றோரும் கண்ணால் பார்த்தே பிடிக்கக்கூடிய அடையாளம் இது. கட்டை விரலை எண்ணாமல் ஆட்காட்டி விரலைத்தான் முதல் விரல் என்பார்கள்; ஈ, எஃப், ஜி என்பவை மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள். வயலினில் டி தந்தியில் முதல் விரல் ஈ, இரண்டாம் விரல் எஃப் ஷார்ப், மூன்றாம் விரல் ஜி. வயலின் சிறியது, விரல்கள் எட்டும். செல்லோவில் தந்தி நீளம், ஸ்வரங்களுக்கிடையே தூரம் அதிகம். ஆகவே செல்லோவில் பக்கத்துப் பக்கத்து விரல்கள் வழக்கமாக அரை ஸ்வர இடைவெளியில் நிற்கும்: முதல் விரல் ஈ, மூன்றாம் விரல் எஃப் ஷார்ப், நான்காம் விரல் ஜி. இரண்டாம் விரலுக்கு நடுவில் எஃப் இருக்கிறது. என் மகளோ ஜியை மூன்றாம் விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள். அதுவும் அளவுக்கு மீறிய வாத்தியத்தில். எட்டாத தூரத்தை எட்டுவதற்காகக் கை பின்னால் சரிந்து, விரல்கள் சாய்ந்து, கட்டை விரல் கழுத்தைக் கவ்விக்கொண்டிருந்தது. செல்லோக் கையில் விரல்கள் தந்திக்கு ஏறக்குறைய குறுக்காக, வளைந்து நிற்கும். கட்டை விரல் இரண்டாம் விரலுக்கு எதிரில் கழுத்தின் பின்புறம் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும், அழுத்தாது. முழங்கை தொங்கக்கூடாது. இதெல்லாம் செல்லோ படித்தவருக்குப் பாலபாடம்.

பழுதுபார்ப்பவர் கேட்ட கேள்வியை முதல் ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். வில் வாத்தியங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான் என்று பதில் வந்தது. மீதிக் கட்டணத்தைத் திருப்பித் தர இயலாது என்றும் வந்தது. அன்று எனக்கு வந்த கோபம் இரண்டு நாளில் தணிந்துவிட்டது. ஆனால் அதன் பிறகு மகள் செல்லோ உறையைத் திறக்காமல் அறையைச் சுற்றிப்போனதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்கியது. வலித்ததைச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை என்பது அவள் மனதில் பதிந்துவிட்டது.

எல்லா வில் வாத்தியங்களையும் சொல்லித்தருகிறவர் என்றாலே ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. பள்ளிகளில் கூட்டு வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களில் பலர் செல்லோவைத் தனியாகவே முறைப்படி படித்திருப்பார்கள். தொடக்க வகுப்புக்கு அவர்கள் நன்றாகவே போதும். ஆகையால் கேட்க வேண்டிய கேள்வி இது: "உங்கள் முதன்மை வாத்தியம் எது? செல்லோவை யாரிடம், எத்தனை ஆண்டு படித்தீர்கள்?" நேர்மையானவர் தயங்காமல் சொல்வார். கூடவே, தொடக்க மாணவரின் இடது கையை எப்படி அமைக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். பதில் நமக்கு முழுக்கப் புரிய வேண்டியதில்லை. வயலினிலிருந்து செல்லோ எங்கே வேறுபடுகிறது என்பதை அவர் தானாக எடுத்துச் சொல்கிறாரா என்று பார்த்தால் போதும்.

பழைய முறை என்ற பெயரில் உடம்பை விறைக்கவைக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். புகழ்பெற்ற செல்லோக் கலைஞர் பாப்லோ கசால்ஸ் சிறுவனாகச் செல்லோ படித்த 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், வில் பிடிக்கும் கையின் அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு வாசிக்கச் சொல்லும் வழக்கம் இருந்தது. கை உடம்பை ஒட்டியே இருக்க வேண்டுமாம். அவர் மாணவராக இருக்கும்போதே அதை உதறிவிட்டுக் கையைத் தோளிலிருந்து தாராளமாக அசைத்து வாசிக்கத் தொடங்கினார். இடது கையையும் அப்படியே விடுவித்தார். கசால்ஸ் பிறந்தது 1876இல். இத்தனை காலம் கழித்தும் என் மகளிடம் முழங்கையை ஒட்டிவை என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இரண்டாவது ஆசிரியரைத் தேடும்போது, செல்லோக்காரராக மட்டும் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டிக்கொண்டு, இசைக்குழுவில் வாசிக்கும் ஒருவரைப் பிடித்தோம். அவருடைய வாசிப்பைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் வில்லை வைத்து ஓர் இழுப்பு இழுத்தால் அறையின் தரை அதிரும். ஆனால் அந்த வகுப்பில் நடந்தது பெரும்பாலும் அதுதான்: அவர் வாசிப்பார், இவள் பார்ப்பாள். "இப்படி" என்பார். எப்படி என்று இவளுக்குத் தெரியாது. சின்ன வயதிலேயே கைவந்த கலை என்பதால், ஒரு குழந்தைக்கு அது ஏன் வரவில்லை என்பதை அவரால் ஊகிக்கவே முடியவில்லை. அதற்கு மேல், கச்சேரியும் ஒத்திகையும் வந்தால் வகுப்பு ரத்து. முதல் நாள் இரவு சேதி வரும். ஒரு மாதத்தில் ஒழுங்காக நடந்த வகுப்புகள் பாதிகூட இருக்காது. குழந்தைக்கு வாரத்துக்கு ஒரு முறை, அதே நாள், அதே நேரம் என்கிற ஒழுங்கு எவ்வளவு முக்கியம் என்பது அப்போது புரிந்தது. இரண்டு வாரம் தவறினால் மூன்றாவது வாரம் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அவரிடமிருந்து மனத்தாங்கல் இல்லாமல்தான் விலகினோம். முதிர்ந்த மாணவருக்கு அவர் பெரிய வரமாக இருக்கக்கூடும். எட்டு வயதுக்கு அவர் ஆளில்லை.

இந்த இரண்டுக்கும் பிறகுதான் தேடும் முறையையே மாற்றினேன். ஆசிரியரின் பட்டயத்தைப் பார்ப்பதையும் அவருடைய வாசிப்பைக் கேட்பதையும் இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, அவரிடம் இரண்டு ஆண்டு படித்த சாதாரண மாணவர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கினேன். கவனியுங்கள், சாதாரண மாணவர். பரிசு வாங்கிய மாணவரைக் காட்டுவார்கள். அந்தப் பிள்ளை யாரிடம் போயிருந்தாலும் தேறியிருக்கும். இரண்டு ஆண்டு போன நடுத்தரக் குழந்தையிடம்தான் ஆசிரியரின் கைவண்ணம் தெரியும். மாணவர் அரங்கேற்ற நிகழ்ச்சிக்கு வரலாமா, அல்லது பெற்றோர் சம்மதித்தால் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். மறுப்பவர்கள் எல்லோரும் மோசமானவர்கள் என்று சொல்லிவிட முடியாது, பிற குழந்தைகளின் அந்தரங்கம் காரணமாக இருக்கலாம். ஆனால் அழைப்பவர்கள் ஏறக்குறைய எப்போதுமே நல்லவர்கள்.

பார்க்கும்போது எதைப் பார்ப்பது? கண்ணுக்குத் தெரிவது நிறைய இருக்கிறது. தோள்கள் காதுக்கு ஏறியிருக்கின்றனவா, இறங்கியிருக்கின்றனவா? வில் குதிரைக்கு இணையாகப் போகிறதா, அல்லது விரற்பலகையின் மீது வழுக்கி வழுக்கிப் போகிறதா? விரல் வைக்காத தந்தியை வாசிக்கும்போது நாதம் திறந்து ஒலிக்கிறதா, கீச்சிடுகிறதா? குழந்தை தவறாக ஒரு ஸ்வரம் வாசித்துவிட்டால் தானே முகம் சுளித்து விரலை நகர்த்துகிறதா, ஆசிரியர் சொல்லும் வரை அப்படியே போகிறதா? கடைசியாகச் சொன்னதற்குத்தான் நான் அதிக மதிப்புத் தருவேன். செல்லோவின் விரற்பலகையில் கித்தாரைப் போல மேடுகள் கிடையாது. தொடக்கத்தில் ஒட்டும் பட்டை ஒட்டி இடம் காட்டுவார்கள், அதில் தப்பில்லை. ஆனால் காது பழகாமல் பட்டையையே பார்த்து இரண்டு வருடம் ஓட்டும் மாணவரைக் கண்டால் நான் அடுத்த பெயருக்குப் போய்விடுவேன்.

பெயர்கள் எங்கே கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விளம்பரங்களைவிடப் பழுதுபார்ப்பவர்கள் நம்பகமானவர்கள். எந்த ஆசிரியரின் மாணவர்கள் வாத்தியத்தை ஒழுங்காக வைத்திருக்கிறார்கள், யார் அளவு சரிபார்த்து அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இளையோர் இசைக்குழு நடத்துகிறவர்களைக் கேட்கலாம்: செல்லோ வரிசையில் இருக்கும் பிள்ளைகள் யாரிடம் படிக்கிறார்கள் என்று. இசைக் கல்லூரிகளில் செல்லோ படிக்கும் மூத்த மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் தொடக்க வகுப்பு எடுப்பதுண்டு. அவர்களில் கற்பித்தலில் ஆர்வம் உள்ளவர் கிடைத்தால் நல்லது. படிப்பு முடிந்ததும் ஊர் மாறிவிடுவார்கள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மூன்றாவது ஆசிரியர் கிடைத்தது அதே பழுதுபார்ப்பவர் மூலம்தான்.

அந்த அம்மாவின் முன்னோட்ட வகுப்புக்குப் போகும்போது எனக்கு நம்பிக்கையே இல்லை. மகளுக்கு அதைவிடக் குறைவு. முதல் கால் மணி நேரம் அவர் செல்லோவைப் பற்றியே பேசவில்லை. நாற்காலியை மாற்றினார். உயரம் போதவில்லை என்று இன்னொன்று கொண்டுவந்தார். இடுப்பு முழங்காலைவிட ஒரு துளி உயரமாக இருக்க வேண்டும் என்றார். பிறகு எண்ட்பின் என்னும் அடிக்கம்பியைச் சிறிது சிறிதாக வெளியே இழுத்து, ஒவ்வொரு முறையும் வாத்தியத்தை அவள் மார்பில் சாய்த்து, கண்ணை மூடச் சொல்லி, எது பிடித்திருக்கிறது என்று அவளையே கேட்டார். வீட்டில் நாங்கள் அந்தக் கம்பியை ஒரு முறை வைத்த நீளத்திலேயே வைத்திருந்தோம். அப்புறம், "கட்டை விரலை எடுத்துவிட்டு வாசி" என்றார். மகள் திகைத்தாள். இடது கட்டை விரல் கழுத்தைத் தொடாமல், கையின் எடையாலேயே விரலைத் தந்தியில் பதியவைக்கச் சொன்னார். பதிந்தது. டி தந்தியில் நான்காம் விரலை வைத்து, "கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, தேடு" என்றார். ஓரிடத்தில் பக்கத்து ஜி தந்தி தொடாமலே மங்கலாக அதிரத் தொடங்கியது. கண்ணுக்கே தெரிந்தது. சரியான ஜி கிடைத்துவிட்டால் அதற்கு ஓர் எட்டு ஸ்வரம் கீழே இருக்கும் வெறுந்தந்தி தானாகக் கூடவே ஒலிக்கும் என்று விளக்கினார். "இனிமேல் சரியா தப்பா என்று என்னைக் கேட்காதே, அந்தத் தந்தியைக் கேள்." வீடு திரும்பும் வழியெல்லாம் மகள் அதையேதான் பேசிக்கொண்டு வந்தாள்.

முன்னோட்ட வகுப்புக்கு அவர் முழுக் கட்டணம் வாங்கினார். இலவசம் என்று கூப்பிடுகிறவர்களைவிட இது மேல் என்பது என் அபிப்பிராயம். அந்த ஒரு மணி நேரம் உண்மையான வகுப்பாக இருந்தது. அவர் எங்களைக் கேட்ட கேள்விகளும் ஏராளம்: முன்பு என்ன படித்தாள், எங்கே வலித்தது, வீட்டில் எந்த நேரம் அமைதியாக இருக்கும், யார் கூட உட்காருவார்கள். கேள்வியே கேட்காமல் கட்டண விவரத்தை நீட்டும் ஆசிரியரிடம் எச்சரிக்கையாக இருங்கள். தவறிய பழக்கத்தைச் சரிசெய்யப் புதிதாகக் கற்பதைவிட அதிக நாள் பிடிக்கும் என்றும் முதல் நாளே சொல்லிவிட்டார். அப்படியே ஆயிற்று. இடது கை ஒழுங்காவதற்கு மட்டும் ஒரு பருவம் முழுதும் தேவைப்பட்டது.

சிறு குழந்தை என்றால் பெற்றோர் வகுப்பில் உட்கார வேண்டும் என்பது அவருடைய விதி. வயலின் கலைஞரான ஷினிச்சி சுசுகி ஜப்பானில் உருவாக்கிய முறையில் இது அடிப்படை. பெற்றோரும் கொஞ்சம் கற்றுக்கொண்டு, வீட்டில் அரை ஆசிரியராக இருக்க வேண்டும், நிறையக் கேட்க வேண்டும், ஸ்வரம் எழுதியதைப் படிப்பது பிறகு வரட்டும் என்பது அந்த வழி. எங்கள் ஆசிரியர் அதை முழுதாகப் பின்பற்றவில்லை, படிக்கவும் சீக்கிரமே சொல்லிக்கொடுத்தார். எந்த முறை என்பதைவிட, வீட்டில் இந்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதித் தருகிறாரா என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது. இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. செல்லோ கற்பிக்கும்போது தோளையும் முழங்கையையும் முதுகையும் தொட்டுத் திருத்த வேண்டிவரும். நல்ல ஆசிரியர்கள் தொடும் முன் குழந்தையிடம் கேட்பார்கள். பெற்றோர் உள்ளே வரக்கூடாது, கதவு சாத்தியிருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். குழந்தையின் கவனம் சிதறும் என்று காரணம் சொன்னால் கண்ணாடிக் கதவோ திறந்த கதவோ கேளுங்கள்.

தேர்வுகளைப் பற்றிப் பெற்றோரிடையே பெரிய மயக்கம் இருக்கிறது. ஏபிஆர்எஸ்எம், டிரினிடி போன்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்புகள் நடத்தும் 8 கிரேடுகளும் ஒரு குறிக்கோளைத் தரும், மறுக்கவில்லை. ஆனால் வருடம் முழுதும் தேர்வுக்கான சில உருப்படிகளையே அரைத்துக்கொண்டிருக்கும் மாணவர்களை நான் பார்த்தேன். ஐந்தாம் கிரேடு தேறியிருப்பார்கள். புதிதாக ஓர் எளிய தாளை முன்னால் வைத்தால் நாலு வரி வாசிக்கத் திணறுவார்கள். ஒரு கிரேடுக்கும் அடுத்ததற்கும் நடுவில் என்ன சொல்லித்தருவீர்கள் என்று ஆசிரியரைக் கேளுங்கள். சேர்ந்து வாசிக்க வாய்ப்பு உண்டா என்றும் கேளுங்கள். இரண்டு செல்லோக்களாகவாவது சேர்ந்து வாசிக்கும் குழந்தைகள் சீக்கிரத்தில் விட்டுவிடுவதில்லை.

பணம் பற்றிய பேச்சை முதலிலேயே முடித்துவிட வேண்டும். ஒரு பருவம் முன்பணம் கேட்பது பல இடங்களில் வழக்கம்தான். ஆசிரியருக்கும் வருமானம் நிலையாக இருக்க வேண்டும். ஆனால் புதியவரிடம் ஒரு மாதத்துக்கு மேல் கட்ட நான் இனி சம்மதிக்கமாட்டேன். நாம் வராவிட்டால் என்ன, அவர் வராவிட்டால் என்ன, இடையில் நின்றால் மீதி என்ன ஆகும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். கட்டணத்துக்கு வெளியே வரும் செலவுகளையும் விசாரியுங்கள்: புத்தகங்கள், தந்திகள், வில்லுக்கு மயிர் மாற்றுவது, நிகழ்ச்சியில் கூட வாசிக்கும் பியானோக்காரருக்கான தொகை. செல்லோத் தந்திகள் வயலின் தந்திகளைவிட விலை அதிகம் என்பதை முதல் தந்தி அறுந்த அன்றுதான் பல பெற்றோர் தெரிந்துகொள்கிறார்கள்.

மகளின் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து உட்கார்ந்து, எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. பெரியவர்களுக்கு ஆசிரியர் தேடுவது தனிக் கதை. "இந்த வயதிலா?" என்று சிரித்த ஒருவர், "பொழுதுபோக்குதானே" என்று எதையும் திருத்தாமல் விட்ட இன்னொருவர், இரண்டு வகையையும் பார்த்தேன். இரண்டாமவர் அதிக ஆபத்து, ஏனென்றால் நமக்குச் சுகமாக இருக்கும். பெரியவர்களின் சிக்கல் வேறு. புத்தி உடனே பிடித்துக்கொள்ளும், உடம்பு வராது. எழுதியிருப்பது புரியும், தோள் இறுகும், வில் பிடிக்கும் கட்டை விரல் வளைய மறுக்கும். பழைய கழுத்து வலி, முதுகு வலி இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெரியவர்களை ஏற்கெனவே தொடக்கத்திலிருந்து கற்பித்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள். வாரத்தில் நீங்கள் உண்மையில் எத்தனை நாள் பயிற்சி செய்ய முடியும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்; அதற்கேற்ப வேகத்தை வைக்கிறவர்தான் தோதானவர். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் முதல் செல்லோத் தொகுப்பின் தொடக்கப் பகுதியை மூன்றே மாதத்தில் வாசிக்கவைக்கிறேன் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். தொடக்க வருடம் என்பது பெரும்பாலும் வெறுந்தந்திகளும் நேரான வில்லும்தான்.

அருகில் யாருமே இல்லையென்றால் இணையவழி வகுப்பு கைகொடுக்கும், ஆனால் முதல் சில மாதங்களுக்கு அதைப் பரிந்துரைக்கமாட்டேன். நாற்காலி, அடிக்கம்பி, கட்டை விரல் எல்லாம் நேரில் அமைய வேண்டியவை. எப்படியாவது தொடக்கத்தில் இரண்டொரு நேர் வகுப்பு வைத்துக்கொண்டு, பிறகு இணையத்துக்கு மாறுங்கள். கேமராவை உங்கள் முன்னே சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் இடது கையும் வில்லும் குதிரையும் ஒன்றாகத் தெரியும். காணொளி அழைப்புச் செயலிகள் நீண்டு ஒலிக்கும் நாதத்தைப் பின்னணி இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும்; இரைச்சல் நீக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். செல்லோவின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் குட்டி ஒலிபெருக்கியில் அந்த அடிநாதம் சரியாகக் கேட்காது, ஆகவே நல்ல ஹெட்ஃபோன் வேண்டும். ஒலி தாமதமாகப் போய்ச் சேர்வதால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. செல்லோ படிப்பதில் பாதி இன்பம் அந்தச் சேர்ந்து வாசிப்பதில்தான் இருக்கிறது என்பேன் நான்.

நல்ல ஆசிரியர் கிடைத்தாலும் அவரிடம் இடம் இருக்காது. காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு, மாதம் ஒரு முறை நினைவூட்டுங்கள். பருவம் முடியும் வாரங்களில்தான் இடம் காலியாகும். அந்த இடைவெளியில் காணொளியைப் பார்த்துத் தானாக வில் பிடிக்கத் தொடங்கிவிடாதீர்கள், பிறகு அதை அவிழ்க்கவே தனி நேரம் வேண்டியிருக்கும். அதற்குப் பதில் தாழ்ந்த ஸ்வரங்களை எழுதும் பேஸ் கிளெஃப் குறிமுறையைப் படிக்கப் பழகலாம், தாளத்தைக் கைதட்டிப் பழகலாம், நிறையச் செல்லோ கேட்கலாம். வாடகை வாத்தியத்தை ஆசிரியர் பார்த்துச் சொன்ன பிறகே எடுங்கள். பட்டியலில் முன்னே இருக்கும் யாராவது கடைசி நேரத்தில் வராமல் போனால் ஒரு தனி வகுப்புக்கு எங்களைக் கூப்பிட முடியுமா என்று கேட்டுவையுங்கள். எங்கள் ஆசிரியர் அப்படித்தான் என்னை முதலில் கூப்பிட்டார், அதுவும் காலை ஏழு மணி வகுப்புக்கு. போனேன்.